தீர்த்துவிட்டவள்

முத்தாயிக்கு அந்தத் துடைப்பம்தான் கடைசிவரை நினைவில் நின்றது. சங்கத்து மாடியில் கழிவறைக் கதவோரம் சாய்த்து வைத்திருந்த தென்னந்துடைப்பம். நுனியில் யாருடைய தலைமுடியோ சுருண்டு கிடந்தது. அந்த முடியில் வெற்றிலை எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவளுடைய பதினோரு வருடக் குடும்பத்தை முடித்து வைக்க, ஒருவர் எழுந்து போய் அந்தத் துடைப்பத்திலிருந்துதான் ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தார்.

அது 1962ஆம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடையின் மாடியில் அவர்கள் ஊர்க்காரர்களின் சங்கம் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து நடத்திய சங்கம். கல்யாணப் பேச்சு, சாவு முறை, பங்காளிச் சண்டை எல்லாம் அங்கேதான் பேசி முடியும். புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கும் ஒரு முறை இருந்தது. பெரியவர்கள் உட்காருவார்கள். புருஷன் ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் பெண்டாட்டியின் காலடியில் போடுவான். அவ்வளவுதான். அதற்குப் பெயர் தீர்த்துவிடுவது. அதன்பிறகு அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம். அவள் தீர்த்துவிட்ட பொண்ணு.

தனசேகரன் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சுகாதாரப் பகுதியில் வண்டி ஓட்டுகிற வேலை. ஃபேரர் பார்க் பக்கம் கூலிக்காரர் குடியிருப்பில் ஓர் அறை. கையில் எது அகப்பட்டாலும் காதைக் குடைவான். தீக்குச்சி, சாவி, பேனா மூடி. குடைந்ததை வெளியே எடுத்து ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைப்பான். பதினோரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டவள் முத்தாயி. பிள்ளை இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு முன்பே சரஸ்வதி என்ற ஒருத்தியை அவன் வீட்டோடு கொண்டுவந்து வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரே அறையில், நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர்கள்.

"தங்கச்சி, இதுல யாருக்கும் மனக்கசப்பு வேணாம்மா," என்றார் சங்கத் தலைவர் வைரக்கண்ணு. தேன் ஒழுகும் குரல். கையில் பாதி தின்ற வடை. விரல்களில் எண்ணெய் வழிந்தது. "ஒட்டல, ஒதுங்கிக்கிறோம். அம்புட்டுதான்."

தனசேகரன் குச்சியைக் கிள்ளினான். ஒரு துண்டு அவளுடைய கால் பெருவிரல்மேல் விழுந்தது. முடி இன்னும் அதில் சுற்றியிருந்தது. முத்தாயி காலை உதறினாள். அழவில்லை.

பிறகு செயலாளர் மாணிக்கவாசகம் தீர்மானப் புத்தகத்தை விரித்தார். கெட்டி அட்டை போட்ட நீளப் புத்தகம். அவருக்கு அதுதான் உயிர். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, சபை முன்னால் வாசித்தார்.

"மேற்படி தனசேகரன் என்பவர், சரஸ்வதி என்னும் மாதுடன் கடந்த ஓராண்டு காலமாக ஒரே இல்லத்தில் கணவன் மனைவியாகக் குடும்பம் நடத்தி வருவதாலும், மேற்படியார் மனைவி முத்தாயி என்பவர்மீது யாதொரு குற்றமும் இச்சபையாரால் காணப்படவில்லையாதலாலும், இருதரப்பும் மனமொத்து..."

"நல்லா இருக்கு வாசகம்," என்று தலைவர் தலையாட்டினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்தாயியும் போட்டாள். அப்புறம் எல்லாருக்கும் டீயும் இன்னொரு சுற்று வடையும் வந்தது. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கியபோது, வடையை நனைத்துத் தின்பதற்கு யாரோ சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே அவள் ஒரு தகரப் பெட்டியோடு வெளியேறி, தேக்காப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் பலகை அடித்த அறைக்குக் குடிபோனாள். ஏற்கெனவே மசாலா மில்லில் வேலை. காய்ந்த மிளகாயை மூட்டையிலிருந்து கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பு கிள்ளிப் போட வேண்டும். காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. தும்மல் ஒரு வாரத்தில் பழகிவிடும். கை எரிச்சல் பழகாது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையால் கண்ணைத் தொட முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுபவள் ஆமினா பீவி. கடையநல்லூர்க்காரி, விதவை, வாய் ஓயாது. முந்தின நாள் சங்கத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டு மிளகாயைக் கீழே போட்டாள்.

"எங்கள்ல இதுக்கு காதி முன்னாடி போய் நிக்கணும், கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. ஒங்க ஆளுங்களுக்கு ஒரு ஈர்க்குச்சி போதும் போல. செலவு கொறைச்சல் லா!"

"அதுவும் கக்கூஸ் கூட்டுற துடைப்பம்."

"ச்சீ! ஒரு நல்ல குச்சி கூடவா கெடைக்கல?"

மிளகாய் கிள்ளும்போது முத்தாயி தீர்த்துவிடுவது என்ற அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்ப்பாள். துப்பத்தான் தோன்றும். கடனைத் தீர்ப்பார்கள். சீக்கைத் தீர்ப்பார்கள். பசி தீரும், பகை தீரும். எல்லாம் தொல்லைகள். அந்த வரிசையில் கொண்டுபோய்ப் பெண்டாட்டியை நிறுத்தியவன் எவன் என்று தெரியவில்லை. தனசேகரன் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, "அவளைத் தீர்த்துவிட்டேன்" என்பான். அக்கம்பக்கத்தார், "பாவம், தீர்த்துவிட்டாங்க" என்பார்கள், ஏதோ ஊரே கூடி ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி. அவளே யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், "என்னைத் தீர்த்துட்டாங்க" என்றுதான் நாக்கு புரளும். ஒரு பெண் எழுந்து நின்று, "நான் அவனைத் தீர்த்துவிட்டேன்" என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்லக்கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. எந்தப் பெண் கையிலும் இதுவரை யாரும் குச்சியைக் கொடுத்ததில்லை.

மூன்று வருடம் ஓடியது. 1965ஆம் ஆண்டு ஒரு நாள் இருமல் நிற்காமல் அவள் மருந்தகத்துக்குப் போனாள். பழைய அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, தாதி உரக்கக் கூப்பிட்டாள்: "மிஸஸ் தனசேகரன்!"

முத்தாயி எழவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் அது தன்னைத்தான் என்று உறைத்தது. காதுக் குறும்பி தன்மேல் துடைத்தது போல் உடம்பு கூசியது. "அது இப்ப இல்லம்மா, தீர்த்துவிட்டாச்சு," என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அட்டையில் எதுவும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பலகை அறை வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். தனசேகரன், தலைவர் வைரக்கண்ணு, அக்குளில் தீர்மானப் புத்தகத்தோடு செயலாளர் மாணிக்கவாசகம். உட்கார இடமில்லை. தலைவர் மட்டும் அவளுடைய தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அது நெளிந்தது.

விஷயம் இதுதான். தனசேகரன் புது அடுக்குமாடியில் வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். சரஸ்வதியை முறைப்படி பதிவு செய்தால்தான் வீடு. பதிவு அலுவலகத்தில் முன்பு கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார்கள். "ஆச்சு, தீர்த்துவிட்டாச்சு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான். கோர்ட்டுக் காகிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அறுபத்தொன்றிலேயே சட்டம் மாறிவிட்டதாம், இனிமேல் கோர்ட்டுதான் கல்யாணத்தை அறுக்க முடியுமாம். குச்சி கிள்ளியது அதற்கு அடுத்த வருடம். அந்தச் சட்டம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொள்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று சங்கத்தார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆக, இப்பவும் நீதான் எம் பொண்டாட்டியாம்," என்று சிரித்தான் தனசேகரன். சட்டைப்பையிலிருந்து தீக்குச்சியை எடுத்தான். காதுக்குள் போயிற்று.

தலைவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒன்னுமில்ல தங்கச்சி. ஒரு கையெழுத்து. மத்ததை வக்கீல் பாத்துக்குவார்."

"என்ன எழுதியிருக்கு?"

தலைவர் கூரையைப் பார்த்தார். செயலாளர்தான் சொன்னார். அவள் தன் இஷ்டத்துக்கு வீட்டைவிட்டுப் போய், மில்லு லாரிக்காரர் அஸ்மத் என்பவரோடு வாழ்கிறாள், அதை ஒப்புக்கொள்கிறாள்.

அஸ்மத்துக்கு அறுபது வயது, ஏழு பேரப்பிள்ளைகள்.

"எவன் மேலயாவது சொல்லணும்ல," என்றான் தனசேகரன். "அவர் பேரு கெட்டா அவருக்கு என்ன? ஒனக்கும் நல்லதுதானே, எம் பேரு ஒம் மேலேருந்து போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அவன் பேர் தன்மேலிருந்து போக வேண்டும். அதற்கு இந்த மலத்தை வாரித் தானே தன் தலையில் பூசிக்கொள்ள வேண்டும். பூசிக்கொள்ளாவிட்டால் சாகும்வரை மிஸஸ் தனசேகரன்.

"அன்னைக்கு எம்மேல குத்தம் இல்லைன்னு எழுதினீங்களே," என்றாள் செயலாளரைப் பார்த்து.

"ஆமா," என்றார் அவர், சற்றுப் பெருமையாகவே. புத்தகத்தை விரித்துப் பக்கத்தைக் காட்டினார். "யாதொரு குற்றமும் காணப்படவில்லை."

"அதான் தொல்லை," என்றார் தலைவர். "மாணிக்கவாசகம், அதுல கீழ கொஞ்சம் எடம் இருக்கு பாரு. அவ ஓடிப்போனான்னு ஒரு வரி சேத்துரு."

மாணிக்கவாசகம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. "பன்னண்டு வருஷம்ணே. ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. என் உசிரு இருக்கிற வரைக்கும் இந்தப் பொஸ்தகத்துல யாரும் கை வைக்க முடியாது."

"பெரிய பொஸ்தகம்!"

"ஆமா, பெரிய பொஸ்தகம்தான்!"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்க, தனசேகரன் பின்னால் போனான். காகிதம் அவள் கையில் இருந்தது. ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கீழே ரோச்சோர் கால்வாயில் தண்ணீர் வற்றி நாற்றம் ஏறி வந்தது. அவள் பெட்டிமேல் தலைவர் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள். செயலாளர் அந்தப் புத்தகத்தை அணைத்துக்கொண்ட விதம் மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மில்லில் ஆமினா பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அஸ்மத் காக்காவா? அந்த மனுஷனுக்குப் பல்லே நாலுதான் லா!" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "கையெழுத்துப் போட்டே, நான் ஒம் மொகத்துல முழிக்க மாட்டேன். காசில்லாதவங்களுக்கு வக்கீல் வச்சுக் குடுக்குற ஆபீஸ் இருக்கு. எந்திரி, போவோம்."

அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒரு பெண். பிரிஜட் என்று பேர். மூக்குக்கண்ணாடி, கழுத்தில் சிலுவை, படிவத்தை நிரப்புவதில் படுவேகம்.

"அக்கா, இப்ப அவரோட சேர்ந்து இருக்கீங்களா, பிரிஞ்சு இருக்கீங்களா?"

"தீர்த்துவிட்டாங்க."

பேனா நின்றது. "அப்படின்னா? பிரிஞ்சு இருக்கிறதுன்னா தெரியும். விட்டுட்டுப் போறதுன்னா தெரியும். தள்ளிவைக்கிறதும் தெரியும், வீட்டை விட்டுத் தொரத்துறது, தாலி கழுத்துலயே கெடக்கும். இது என்ன?"

"தாலியும் போயிடும். அவன் புருஷன் இல்ல, நான் பொண்டாட்டி இல்ல. வேற கட்டிக்கலாம். குச்சியைக் கிள்ளிட்டா முடிஞ்சிது."

"யாரு கிள்ளணும்?"

"அவன்தான்."

"நீங்க கிள்ளினா?"

முத்தாயி அவளைப் பார்த்தாள். "அதெல்லாம் கெடையாது."

"நாங்க வேதக்காரங்க. எங்க கோயில்ல இதுக்கு வார்த்தையே இல்லக்கா. கட்டிக்கிட்டா சாவுற வரைக்கும்தான். எங்கம்மா முப்பது வருஷமா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவுறாங்க." பிரிஜட் படிவத்தைத் திருப்பினாள். "சட்டத்துக்கு ஒங்க குச்சி தெரியாது. கோர்ட்டுதான் அறுக்கணும். தப்பு செஞ்சவர் போய்க் கேக்க முடியாது, அதான் ஒங்களைத் தப்பு செஞ்சவளா ஆக்கப் பாக்கிறார். ஆனா நீங்க கேக்கலாம். அவரை வேணாம்னு நீங்க கேக்கலாம். அவர் இன்னொருத்தியோட இருக்கார்னு காட்டணும், அவ்வளவுதான். யாராவது சாட்சி சொல்லுவாங்களா?"

"ஊர்ல ஒருத்தனும் சொல்ல மாட்டான்," என்றாள் முத்தாயி. அப்புறம் மெதுவாக, "ஆனா எழுதி வச்சிருக்காங்க," என்றாள்.

சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி மாணிக்கவாசகத்துக்குக் கோர்ட்டிலிருந்து கட்டளை போயிற்று. புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லும்படி தலைவர் அவருக்கு ஒரு வாரம் ஓதினாராம். மாணிக்கவாசகமோ கோட்டு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சங்கத்துக்கு வெளியே ஒருவர் அவருடைய எழுத்தைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். அதுவும் ஒரு நீதிபதி.

அன்று கோர்ட்டில் முத்தாயி ஆமினா பீவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தனசேகரன் எதிர்ப் பக்கம், அதே வெள்ளைச் சட்டை. முத்தாயிக்காக வந்த வக்கீல், புத்தகத்தில் அந்த நாளின் தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார். மாணிக்கவாசகம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மேற்படி தனசேகரன் என்பவர், சரஸ்வதி என்னும் மாதுடன் கடந்த ஓராண்டு காலமாக ஒரே இல்லத்தில் கணவன் மனைவியாக..."

ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் பின்னால் ஓடி வந்தது. "யாதொரு குற்றமும்" என்ற இடத்தில் குரலை உயர்த்தி, முத்தாயியின் பக்கம் கையைக்கூட நீட்டினார். பின்வரிசையில் தலைவர் வைரக்கண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கீழே யார் யார் கையெழுத்து என்று கேட்டார்கள். முதல் கையெழுத்து தனசேகரனுடையது. அடித்தல் திருத்தல் ஏதும் உண்டா என்று கேட்டார்கள்.

"என் புத்தகத்திலா?" என்றார் மாணிக்கவாசகம். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னபோது நீதிபதிகூடச் சிரித்துவிட்டார்.

முத்தாயி சிரிக்கவில்லை. அந்த மனிதர்மேல் அவளுக்கு நன்றியும் வரவில்லை. இதே வாயால், இதே ராகத்தில்தான் அன்றைக்கும் வாசித்தார். முடித்ததும் வடை தின்றார். அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவ வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

அடுத்த வருடம் எல்லாம் முடிந்து காகிதம் கைக்கு வந்தது. பிரிஜட் அதைத் தமிழில் சொன்னாள்: முத்தாயி கேட்டுக்கொண்டபடி கல்யாணம் அறுக்கப்பட்டது. "நீங்க கேட்டுக்கொண்டபடி," என்று இன்னொரு தடவையும் சொன்னாள். மருந்தக அட்டையை முத்தாயி அன்றே மாற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, பத்தரை மணித் தேநீருக்கு எல்லாரும் எழுந்த நேரத்தில், மில்லின் பின்சந்தில் தனசேகரன் வந்து நின்றான். மிளகாய்க் கமறலுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் ஓர் ஈர்க்குச்சி. பச்சையாக, புதிதாகச் சீவியது.

"என்ன?"

"கோவிச்சுக்காதே. காகிதம் வந்துடிச்சு, சரிதான். ஆனா கோர்ட்டுல பொம்பள அறுத்துவிட்டதைச் சங்கத்துல ஏத்துக்க மாட்டாங்களாம். நான் தீர்த்துவிட்டாத்தான் கல்யாணத்துக்குப் பந்தியில வந்து ஒக்காருவேன்கிறார் தலைவர். அன்னைக்குக் கிள்ளினது செல்லாமப் போச்சுல்ல. நீ சும்மா நில்லு. நான் கிள்ளி ஒங் காலுகிட்ட போடுறேன். ரெண்டு நிமிஷம்." பல்லைக் காட்டினான். "இந்த வாட்டி சுத்தமான குச்சிதான்."

முத்தாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காது மடலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இவனுக்காகவா பதினைந்து வருடம் அருவருத்தோம் என்று இருந்தது. அவ்வளவுகூட அவன் பெறமாட்டான்.

"குடு," என்றாள்.

"இல்ல, நான்தான்..."

அதற்குள் அவள் அதை அவன் சட்டைப்பையிலிருந்து உருவிவிட்டாள். காலையிலிருந்து ஒரு மூட்டை மிளகாய் பார்த்த கை. குச்சியை நுனியிலிருந்து அடிவரை ஒரு தடவை உருவி நேராக்கினாள். நடுவில் நகத்தை வைத்துக் கிள்ளினாள், காம்பு கிள்ளுகிற அதே கிள்ளு. இரண்டு துண்டையும் அவன் காலடியில் போட்டாள்.

"முடிஞ்சிது. போ."

"ஐயோ, நீ கிள்ளினேன்னு நான் எப்படி அங்க போய்ச் சொல்லுவேன்?"

"நீ கிள்ளினேன்னு பொய் சொல்லு. ஒனக்குத் தெரியாததா?"

அவன் குனிந்து ஒரு துண்டை எடுத்தான், சாட்சிக்குக் காட்டலாம் என்று நினைத்தானோ என்னவோ. என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு சந்து முனையைப் பார்த்து யோசித்தபடி நடந்தான். அவனுடைய கை தானாக மேலே போனது. காதுப் பக்கம்.

முத்தாயி பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

சந்து முனையிலிருந்து அலறல் கேட்டது. பிறகு யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார்கள். மில்லே எட்டிப் பார்த்தது.

"யாரு புள்ள அது?" என்றாள் ஆமினா பீவி.

முத்தாயி அடுத்த மிளகாயை எடுத்தாள்.

"யாருமில்ல, நான் தீர்த்துவிட்ட ஆளு."